வந்துகொண்டிருக்கும் வீடு

அந்த வீடு நகர ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது, மற்ற எல்லாவற்றிலும் உண்டு. வீட்டுக்குக் கால் முளைத்ததா, தரையோடு தவழ்ந்ததா, எந்த மூலை முதலில் கிளம்பியது என்றெல்லாம் இன்றைக்கும் பால் சங்கக் கொட்டகையில் சண்டை நடக்கும், சண்டை முற்றினால் "எதுக்கும் முத்துப்பேச்சியக் கேப்போம், அவதான பெடலை எண்ணுனவ" என்று என்னிடம்தான் வந்து நிற்பார்கள். நான் காடனூரணித் தபால்காரி. பதினேழு வருடமாக ஒரே சைக்கிள், ஒரே பை, ஒரே பாதை. தனியாக மிதிக்கிறவளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமில்லையா, அதனால் பெடலை எண்ணிக்கொண்டே போவேன். ரேஷன் கடையிலிருந்து எல்லைக்கல்லுக்கு நூற்று எட்டு பெடல். எல்லைக்கல்லிலிருந்து மேற்கே, சிற்றம்பலம் ஐயா கட்டிய புது வீட்டுக்கு இருநூற்று முப்பது. அதையும் தாண்டி ஐந்நூறு மிதித்தால் மேலப்பட்டி, அந்த ஊரைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

சிற்றம்பலம் ஐயாவும் மங்கையர்க்கரசி அக்காவும் சென்னையிலிருந்து தை மாதம் வந்தார்கள். அவர் அம்பத்தூர்ப் பக்கம் தகரம் அழுத்துகிற ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் மேற்பார்வை பார்த்தவர், வேலையை விட்டு வரும்போது கம்பெனி அந்தச் சத்தத்தை மட்டும் அவர் காதுக்குள்ளேயே கொடுத்து அனுப்பிவிட்டது. தூங்கினாலும் விழித்தாலும் டங், டங் என்று உள்ளே அடிக்குமாம். அதனால் கோயிலும் பள்ளிக்கூடமும் பஸ் ரோடும் இல்லாத இடமாகத் தேடித்தேடி, எங்கள் ஊருக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் மூன்று ஏக்கர் வாங்கி, இரண்டு அறையும் மேற்கே பார்த்த ஒரு பின்தாழ்வாரமுமாக வீட்டைக் கட்டி, அந்தத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி, ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். பறவை பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கௌதாரி கூப்பிட்டால் காதுக்குள் அடிக்கிற தகரம் கொஞ்ச நேரம் நிற்கிறது என்பார். முதல் நாளே என்னிடம், "அம்மா, பெல் அடிக்காம வர முடியுமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, நான் அன்றைக்கே பெல்லைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

புதுமனை புகும்போது அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். எங்கள் ஊரில் விசேஷத்துக்கு அழைப்பது என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு வரவேண்டும். இவர்களோ அழகாக ஒரு தாளில் 'அனைவரும் வருக' என்று அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே நின்று வாசித்தது. எழுத்து நன்றாக இருக்கிறது என்றும் பேசிக்கொண்டது. ஒருத்தரும் போகவில்லை. தபால் கொடுக்கப் போன நான் மட்டும் எண்பது பேருக்கு வைத்த பொங்கலில் ஒரு இலை சாப்பிட்டேன், அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு எனக்கு மூன்று முறை நெய் ஊற்றினார்.

ஆனால் அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு, கேரம்போர்டு. அம்பத்தூரில் இருந்த குடியிருப்பில் ஆம்பளைகளையெல்லாம் தோற்கடித்தவராம், கல்யாணமான புதிதில். அப்புறம் புருஷன் காது கெட்டுப்போனதும், ஸ்டிரைக்கர் காயைத் தட்டுகிற சத்தம் அவருக்கு ஆகவில்லை என்று, பலகையை பீரோவுக்குப் பின்னால் செருகியவர் இருபது வருடமாக வெளியே எடுக்கவில்லை. பாட்டுக்கூடப் பாடமாட்டாராம், அடுப்படியில் தட்டைக்கூட மெதுவாகத்தான் வைப்பாராம். இங்கே வந்த மறு வாரம் அந்தப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்து எங்கள் பால் சங்கக் கொட்டகையில் இறக்கி வைத்து, பால் ஊற்ற வந்த பொம்பளைகளைப் பார்த்து, "யாராச்சும் என்கூட ஆடறீங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரிலேயே பெரிய வாயும் பெரிய மனசும் உள்ள கருப்பாயி மதினிதான் கேனைக் கீழே வைத்துவிட்டு, "தோத்தா என்ன செய்யணும்?" என்றாள். "மறுபடியும் ஆடணும்" என்றார் அக்கா. அப்படி ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் எங்கள் ஊர்ப் பொம்பளைகளின் ஆள்காட்டி விரல் நகமெல்லாம் முகப்பவுடரில் வெளுத்துப்போனது, சோற்றுக்கு அரிசி களையும்போதுகூட விரலைச் சுண்டிச் சுண்டிப் பழகினார்கள், வீட்டில் காப்பித் தண்ணிக்குக் காத்திருந்து சலித்த ஆம்பளைகள் கொட்டகை வாசலில் வந்து நின்று, திட்டத் தொடங்கி, பிறகு சிவப்புக் காயை எப்படிப் போடவேண்டும் என்று யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

அக்கா கருப்பாயியிடம் முதன்முதலாகத் தோற்று, அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள், இருநூற்று முப்பதாவது பெடலுக்கு வரவேண்டிய வீடு இருநூற்று இருபத்தேழிலேயே வந்துவிட்டது. வயதாகிவிட்டது, எண்ணிக்கை தப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் இருநூற்று இருபத்தைந்து. அதற்கடுத்த நாள் அக்கா ஊருக்குள் வரவில்லை, வீடும் வரவில்லை. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமில்லை. நேராகப் போய்ச் சொன்னேன்: "அக்கா, உங்க வீடு ஊருக்கு வந்துக்கிட்டிருக்கு." அக்கா வாசலில் இறங்கி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அதான் பார்த்தேன், தண்ணிக் குழாய் எட்டலையேன்னு" என்றார்.

யார் வீட்டில் போய் உட்கார்ந்தாலும் ஒன்றிரண்டு பெடல் வரும். காதுகுத்து, சடங்கு என்றால் ஐந்தாறு. கருப்பாயியின் புருஷன் மாசி மாதம் நெஞ்சுவலியில் போனபோது, அக்கா காலையிலிருந்து பொம்பளைகளோடு பொம்பளையாக உட்கார்ந்து, மாரடிக்கத் தெரியாமல் கருப்பாயியின் முதுகை மட்டும் தடவிக்கொண்டே இருந்து, பாடை எடுத்து, தெருவைக் கழுவிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் வீடு நாற்பது பெடல் வந்திருந்தது.

அது நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு நாள் மத்தியானம் பதினைந்து பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தோம், இம்மிகூட அசையவில்லை. பின்னால் மேய்ந்த ஆடு ஒன்று தும்மியது, எல்லாரும் திரும்பிப் பார்த்தோம், அதற்குள் ஒரு முழம் வந்திருந்தது. உள்ளே அக்கா வைத்திருந்த காப்பி டம்ளர் தளும்பவுமில்லை.

ஊருக்கு இதில் வேலைதான் கூடியது, வியப்பதற்கு நேரமில்லை. கரண்ட்காரர் வாரத்துக்கு ஒருமுறை வந்து கம்பியைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனார், இந்த மாதிரி வந்துகொண்டே இருந்தால் கம்பி மிச்சம்தான் என்று அவருக்குச் சந்தோஷம். கிராம நிர்வாக அலுவலர் சங்கிலியோடு வந்து அளந்து பார்த்து, அவரவர் நிலத்துக்குள் அவரவர் வீடு நகர்வதில் ஆட்சேபணை இல்லை என்றார். அவர் போன நாலாம் நாள் வீடு அவரவர் நிலத்தைத் தாண்டி நாட்டாமை தவசியின் பருத்திக் காட்டில் கால் வைத்தது. தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டின் முன்னால் பருத்தி, வீட்டின் பின்னாலும் அதே வரிசையில் பருத்தி, ஒரு காய்கூட நசுங்கவில்லை. சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, வாரது வாரீக, மொளகாய்ப் பாத்திப் பக்கம் மட்டும் வராம பாத்துக்கங்க, அதுல தண்ணி நிக்கிது, வீட்டுக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வருகிற பாதையில் இருந்த வேலிக்கருவையை ஊரார் வெட்டினார்கள். எந்தத் தெருவுக்குள் வரும் என்று பந்தயமில்லாமல் வாக்குவாதம் நடந்தது, கீழத்தெருக்காரர்கள் தங்கள் தெருவில் ஒரு மனை அளவுக்கு இடம் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தார்கள். என் மேலதிகாரி வீட்டு விலாசத்தைச் சரியாக எழுதி அனுப்பு என்று கடிதம் போட்டார், நான், 'காடனூரணிக்கு மேற்கே, வந்துகொண்டிருக்கும் வீடு' என்று எழுதி அனுப்பினேன். தபால் ஒன்றுகூடத் தவறவில்லை.

பாவம், சிற்றம்பலம் ஐயாதான். மேலப்பட்டிக்கும் எங்களுக்கும் நடுவே சத்தமே இல்லாத இடத்தில் உட்கார்ந்தவரை, அவர் பெண்டாட்டி சாப்பிட்ட ஒவ்வொரு வாய் சோறும் ஊரை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. லாரிக்கு வைப்பதுபோல நாலு மூலைக்கும் கருங்கல் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். தனியாகத் தூக்குகிறாரே என்று நாங்களே நாலு பேர் போய் ஒத்தாசை செய்தோம். சங்கிலி போட்டு வேம்பில் கட்டினார், மறுநாள் வேம்பும் இரண்டு பெடல் வந்திருந்தது. அவர் நோட்டை ஒருநாள் பார்த்தேன். முதல் பக்கங்களில் கௌதாரி, வானம்பாடி, கல்கௌதாரி என்று அழகான கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் 'காகம் 14, சேவல் 3' என்று மட்டும் இருந்தது. எனக்கே மனசு சங்கடமாகப் போய்விட்டது.

காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வீடு எல்லைக்கல்லுக்கு மேற்கே மூன்று பெடல் தூரத்தில் நின்றுவிட்டது. ரேஷன் கடையிலிருந்து நூற்றுப் பதினொன்று. அவ்வளவுதான். அக்கா தினமும் வந்தார், எல்லார் வீட்டிலும் உட்கார்ந்தார், ஒரு கல்யாணத்தில் நானூறு பேருக்குப் பந்தி பரிமாறினார், வீடு இம்மியும் அசையவில்லை.

இதில் என்ன கஷ்டம் என்றால், காளியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் இருக்கிற வீடுகள்தான் முளைப்பாரி போடலாம். வீட்டுக்கு ஒரு பானை. அந்த வீட்டு வாசற்படியிலிருந்துதான் விதை கிளம்ப வேண்டும், காப்புக் கட்டிய எட்டு நாளும் விதை போட்ட பெண் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. அக்காவுக்கு முளைப்பாரி தூக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் ஸ்டிரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "முத்துப்பேச்சி, அம்பத்தூர்ல நான் இருந்த வீட்டுக்கு நம்பர் இருந்தது, பேர் இருந்தது. காலி பண்ணிட்டு வர்றப்போ எதிர் வீட்டம்மா, 'நீங்க இங்கயா இருந்தீங்க'ன்னு கேட்டாங்க. இங்க எனக்கு ஒரு பானை வேணும்." சொல்லிவிட்டுச் சுண்டினார், காய் குழிக்குள் போகவில்லை. குழி வாயில் இருந்த காயில் அக்கா குறி தப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க வீட்டுல வந்து எட்டு நாளு தங்கிக்க அக்கா" என்றாள் கருப்பாயி.

"உன் வீட்டுப் பானை உன்னுது கருப்பாயி. எனக்கு என் வீட்டுப் பானை வேணும். அவரையும் அங்க தனியா விட்டுட்டு நான் எங்க வர்றது?"

எல்லைக்கல்லை நகர்த்தலாமே என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அது நடக்கிற காரியமில்லை. முழங்கால் உயரக் கறுப்புக் கல்தான், மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிப் பளபளவென்று இருக்கும், ஆனால் ரோடு போட வந்த இயந்திரம் அதை நெம்பப்போய்த் தன் பல் உடைந்து, ரோடுதான் கடைசியில் வளைந்து போனது.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. மைக்செட் இருளாண்டி பனைமரத்தில் ஏறி நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். கிழக்கும் வடக்கும் தெற்கும் பேருக்குத்தான், மேற்கே பார்த்த குழாய்தான் எங்கள் மானம். முப்பது வருடமாக அந்தக் குழாய் மேலப்பட்டியைப் பார்த்துத்தான் பாடுகிறது. எங்கள் கொட்டுச் சத்தத்தில் அவர்கள் எட்டு நாளும் தூங்கக்கூடாது என்பது சாமிக்குச் செய்கிற முறைகளில் ஒன்றுபோலவே ஆகிவிட்டது. இப்போது அந்தக் குழாய்க்கும் மேலப்பட்டிக்கும் நடுவில், பின்தாழ்வாரத்தில், காதைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் பொம்பளைகள் பேசுகிற வழக்கமில்லை. புருஷன் செத்து நாற்பது நாள்கூட ஆகாத கருப்பாயி, எழுந்து நின்றாள்.

"இந்தா, நாட்டாமை. எங்க வீட்டுச் சாவுக்கு அந்த அக்கா வந்து உக்காந்துச்சு. யாரும் கூப்புடல. அது புருஷன் காதுக்குள்ள ராத்திரி பகலா இரும்பு அடிக்கிதாம். அதத் தெரிஞ்சும் நாம நேரா அவரு மூஞ்சியில குழாயைக் கட்டிப் பாடணுமாக்கும்? அந்த மேக்குக் குழாயைத் திருப்புங்க."

"திருப்புனா மேலப்பட்டிக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா?" என்றார் தவசி. "காடனூரணிக்காரன் செட்டு ரிப்பேருன்னு சொல்லுவான். எம்புட்டு வருச மருவாத!"

"சொல்லிட்டுப் போறான். அவனா வந்து எம் முதுகத் தடவுனான்?"

தவசி துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஊர் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது, அவர் பனைமரத்தைப் பார்த்தார். அந்தக் குழாயை முதன்முதலில் கட்டியவர் அவருடைய அப்பா. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய் இருளாண்டி, அதை ஊரணிப் பக்கம் திருப்பு. மீனாச்சும் கேக்கட்டும்" என்றார். இருளாண்டி திருப்பினான். மேற்கே எங்கள் ஊருக்கு வாயில்லாமல் போனது, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக.

பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போது பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு எல்லையைச் சுற்றக் கிளம்பினார், ஊரே பின்னால் போனது. கிழக்கு, தெற்கு எல்லாம் முடித்து மேற்கே வந்தால் எல்லைக்கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் ஈரமான ஒரு குழியும், எங்கே போவது என்று தெரியாமல் சுற்றுகிற எறும்புகளும்தான் இருந்தன. நாங்கள் எல்லாரும் வீட்டைப் பார்த்தோம். வீடு நின்ற இடத்திலேயே நின்றது. வாசற்படியில் அக்கா, ஆகாது என்று தெரிந்தும் ஊறவைத்த தட்டாம்பயறைச் சுளகில் வைத்துக்கொண்டு, குளித்த தலையோடு நின்றிருந்தார்.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். தாழ்வாரத்தைத் தாண்டி, சிற்றம்பலம் ஐயாவின் நாற்காலிக்கு நாலடி மேற்கே, எங்கள் எல்லைக்கல் உட்கார்ந்திருந்தது. மேலே வைத்த எலுமிச்சம்பழம்கூட உருளவில்லை.

"இது எப்ப வந்துச்சு ஐயா?" என்று கேட்டேன்.

"கௌதாரி கூப்பிட்டுது, அந்தப் பக்கம் திரும்பினேன்" என்றார் அவர். "இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள வந்து உக்காந்திருக்கு."

பூசாரி, வருகிற வருடம் சுற்று கொஞ்சம் நீளம் என்று முழங்காலைத் தடவிக்கொண்டே மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, கல்லுக்குக் காப்பைக் கட்டி, திரும்பி வாசலுக்கு வந்து அக்காவின் சுளகிலிருந்து விதையை இரண்டு கையாலும் அள்ளி வாங்கினார். எழுபத்து நாலாவது பானை. கருப்பாயி போட்ட குலவையில் பக்கத்து வேம்பில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. அக்கா அழுதார், நானும் அழுதேன்.

எட்டு நாளும் ஊருக்குள், பானைகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்த முளைப்பாரி வீட்டின் முன்னால் கும்மி. அக்கா முதல் நாள் கை மட்டும் தட்டினார், இரண்டாம் நாள் பின்பாட்டு பாடினார், மூன்றாம் நாள் கருப்பாயி மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டிவிட்டாள். இருபது வருடம் அடுப்படியில் தட்டை மெதுவாக வைத்த பொம்பளைக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் கண்டது? ஊரணித் தண்ணீர் நடுங்கியது. மீன்கள் கரைக்கு வந்து கேட்டதாக இருளாண்டி சத்தியம் செய்கிறான், அவன் பேச்சில் பாதியை நம்பலாம்.

ஆறாம் நாள் சாயங்காலம் சிற்றம்பலம் ஐயா ஊருக்குள் வந்தார். ரேஷன் கடையைத் தாண்டி அவர் எங்கள் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு காதிலும் பஞ்சு, கழுத்தில் தொலைநோக்கி. கும்மி அடித்தவர்களின் கை நின்றது, அக்கா பாட்டை நிறுத்திவிட்டு முகம் வெளுத்துப்போய்ப் பார்த்தார். இருளாண்டி பதறிப்போய் ஓடினான்.

"ஐயா, சத்தம் அங்கிட்டு வருதா? இன்னும் குறைக்கவா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பனைமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ஒரு குழாயை மட்டும் எங்க வீட்டுப் பக்கம் திருப்புறீங்களா தம்பி?" என்றார். "மங்கை பாடறாளாம். முத்துப்பேச்சியம்மா சொன்னாங்க. அங்க உக்காந்து எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் எனக்குக் கேக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு, காதிலிருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்த வழியே திரும்பி நடந்தார். இருளாண்டி மரத்தில் ஏறினான். தவசி கீழே நின்றுகொண்டு, நேராத் திருப்புடா, இன்னும் கொஞ்சம், அவரு நாற்காலிக்கு நேரா என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு, ரேஷன் கடையிலிருந்து எண்ணிக்கொண்டே மிதித்தேன். அன்றுவரை நூற்றுப் பதினொன்றில் நின்ற வீட்டு வாசல் நூற்றுப் பத்தாவது பெடலிலேயே வந்துவிட்டது.